ராபின்சன் குரூசோவில் விடுபட்டுப் போகும் சிறுவன்

ஆசிரியருக்கு,

வணக்கம். கோடை விடுமுறைச் சிறப்புப் பக்கங்களில் டேனியல் டெஃபோவின் 'ராபின்சன் குரூசோ' நாவல் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஆளில்லாத் தீவில் 28 வருடம் தன் கையே தனக்கு உதவி என்று வாழ்ந்தவனின் கதையைச் சுவையாகவே சொல்லியிருந்தார் கட்டுரையாளர். அந்த நாவலின் சுருக்கம் விரைவில் சிறுவர் பகுதியில் தொடராக வரப்போகிறது என்ற அறிவிப்பையும் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். கட்டுரையில் ஸூரி என்ற சிறுவன் இல்லை. தொடரிலாவது அவன் இருக்க வேண்டும்.

சுருக்கப் பதிப்புகளை மட்டும் படித்தவர்களுக்கு ஸூரி யாரென்றே தெரிந்திருக்காது. தீவில் ஒதுங்குவதற்குப் பல வருடம் முன்பே, மொரோக்கோ கரையிலுள்ள சலே துறைமுகத்துக் கடற்கொள்ளையரிடம் குரூசோ அகப்பட்டுக்கொள்கிறான். இரண்டு வருடம் அடிமையாக இருக்கிறான். ஒருநாள் மீன்பிடிக்கப் போன படகோடு தப்பிக்கிறான். கூட வந்த ஆளைக் கடலில் தள்ளி, நீந்திக் கரை சேர்ந்துகொள் என்று சொல்லிவிட்டு, படகில் கூட இருந்த சிறுவன் ஸூரியை மட்டும் வைத்துக்கொள்கிறான். எனக்கு உண்மையாக இருப்பாயா என்று கேட்டு அவனிடம் சத்தியம் வாங்குகிறான். பையன் சிரித்த முகத்தோடு சம்மதிக்கிறான்.

இருவரும் ஆப்பிரிக்கக் கரையோரமாகப் படகில் போகிறார்கள். குடிக்கத் தண்ணீர் தீர்ந்துபோகிறது. இரவெல்லாம் கரையிலிருந்து மிருகங்களின் சத்தம். தண்ணீர் தேடி இறங்கியாக வேண்டும். ஸூரி தான் போவதாகச் சொல்கிறான். ஏன் நீ, நான் போகக் கூடாதா என்கிறான் குரூசோ. காட்டு மனிதர்கள் வந்தால் என்னைத் தின்னட்டும், நீங்கள் தப்பித்துப் போய்விடுங்கள் என்று உடைந்த ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான் பையன். நாவலின் தொடக்கப் பகுதியில் என்னை அதிகம் உலுக்கிய இடம் இதுதான். குரூசோவுக்கும் மனம் இளகிவிடுகிறது. இருவருமே போவோம் என்கிறான்.

அப்புறம் ஒரு போர்ச்சுகீசியக் கப்பல் அவர்களை ஏற்றிக்கொள்கிறது. கப்பல் தலைவன் படகை 80 வெள்ளி நாணயத்துக்கு விலை பேசுகிறான். ஸூரிக்கு 60 நாணயம் தருவதாகச் சொல்கிறான். என் விடுதலைக்கு இவ்வளவு உண்மையாக உதவியவனின் விடுதலையை நான் விற்பதா என்று குரூசோ தயங்குகிறான். பையன் கிறிஸ்தவனாக மாறினால் பத்து வருடத்தில் விடுவிக்கிறேன், எழுதியே தருகிறேன் என்கிறான் தலைவன். ஸூரியும் சரி என்கிறான். விற்பனை முடிகிறது. வழியில் சுட்ட சிங்கத்தின் தோலையும் சிறுத்தையின் தோலையும் அதே தலைவன்தான் விலைக்கு வாங்கிக்கொள்கிறான். பிறகு பிரேசிலில் தோட்டம் போட்ட குரூசோ, ஸூரியை அனுப்பியது தவறு என்று நினைக்கிறான். தோட்ட வேலைக்கு ஆள் போதவில்லை என்பதே அவன் வருத்தம்.

தீவுக்கு அவன் எப்படி வந்தான் என்பதும் கட்டுரையில் இல்லை. 'கடல் பயணத்தில் புயல் வந்தது' என்று ஒரு வரியில் முடிந்துவிட்டது. என்ன பயணம்? பிரேசில் தோட்டக்காரர்கள் சேர்ந்து, மேற்கு ஆப்பிரிக்காவின் கினிக் கரையிலிருந்து கறுப்பின மக்களைத் திருட்டுத்தனமாக அடிமைகளாக ஏற்றிவர அனுப்பிய கப்பல் அது. வியாபாரத்தைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு குரூசோவுக்கு. அவன் பணம் போட வேண்டியதில்லை, கொண்டுவரும் அடிமைகளில் சமபங்கு உண்டு என்பது பேச்சு. 1659 செப்டம்பர் 1ஆம் தேதி கப்பல் புறப்படுகிறது. அதே மாதம் 30ஆம் தேதி அவன் தனியாகத் தீவில் கிடக்கிறான். தானே அடிமையாகக் கிடந்து தப்பி வந்தவன் அடிமை வாங்கப் போகும்போதுதான் கப்பல் உடைகிறது. இதை எடுத்துவிட்டால் மீதிக் கதைக்கு வேரே இல்லை.

அலெக்ஸாண்டர் செல்கிர்க்கின் கதைதான் நாவலுக்குத் தூண்டுதல் என்று கட்டுரை சொல்கிறது. சரிதான். ஸ்காட்லாந்து மாலுமியான செல்கிர்க் 1704 முதல் 1709 வரை, நான்கு வருடத்துக்கும் மேல், சிலி நாட்டுக்கு அப்பால் பசிபிக் கடலில் உள்ள தீவில் தனியாக இருந்தவர். ஆனால் அவர் தன் கப்பல் தலைவனோடு சண்டை போட்டுக்கொண்டு, இந்தக் கப்பல் தாங்காது என்று சொல்லி இறங்கிக்கொண்டவர். அவர் கதையில் ஸூரியும் இல்லை, மனிதரைத் தின்போரிடமிருந்து குரூசோ காப்பாற்றித் தீவில் தன்னோடு வைத்துக்கொள்ளும் ஃபிரைடேயும் இல்லை. டெஃபோ தன் தீவைத் தென் அமெரிக்காவின் ஒரினோகோ ஆற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். சலேயையும் பிரேசிலையும் அடிமைக் கப்பலையும் தானே சேர்த்தார். எழுதியவரே தேடிச் சேர்த்ததை நாம் ஏன் எடுத்துப்போட வேண்டும்?

இந்த வெட்டு இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரூசோ 1762இல் வெளியிட்ட 'எமில்' நூலில், பிள்ளைக்கு முதலில் கொடுக்க வேண்டிய ஒரே புத்தகம் இதுதான் என்று புகழ்ந்தார். கூடவே, கப்பல் உடைவதில் தொடங்கி, மீட்கும் கப்பல் வருவதில் முடித்துக்கொள்ளலாம், மற்றதெல்லாம் வேண்டாத சுமை என்றும் சொன்னார். அவர் வழியில் ஜெர்மனியில் காம்பே என்ற எழுத்தாளர் 1779இல் சிறுவர்களுக்கென்றே ஒரு ராபின்சனை எழுதினார். அதன் பிறகு சிறுவர் பதிப்பு என்றாலே தீவு மட்டும்தான் என்பது கிட்டத்தட்ட வழக்கமாகிவிட்டது.

தீவுப் பகுதி மட்டம் என்று நான் சொல்லவில்லை. இந்த நாவல் எனக்கு மிகவும் பிடிக்கும், அதில் பெரும்பங்கு தீவுக்குத்தான். மண்பானை செய்ய அவன் படும் பாடு ஒன்று போதும். எத்தனையோ பானை வெயிலில் வெடிக்கிறது, தொட்டால் உடைகிறது, மண் சரிந்து விழுகிறது. இரண்டு மாத உழைப்பில் கோணல்மாணலாக இரண்டே இரண்டு தேறுகின்றன. ஒருநாள் அடுப்பில் விழுந்த உடைந்த துண்டு கல் மாதிரி இறுகி, ஓடு போலச் சிவந்து கிடப்பதைப் பார்க்கிறான். துண்டு வேகும் என்றால் முழுப் பானையும் வேகுமே! அதில் ஆட்டுக்கறிச் சாறு காய்ச்சிக் குடிக்கும்போது நமக்கே பசி எடுக்கிறது. கோழித் தீவன மிச்சத்தை உதறிய இடத்தில் பார்லி முளைத்ததும் கடவுளின் அற்புதம் என்று கண்ணீர் விடுகிறான். காரணம் தெரிந்ததும் அந்த பக்தி குறைந்துபோகிறது. மனித மனத்தை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன எழுத்தாளரை எப்படிப் பாராட்டாமல் இருப்பது?

அந்த நேர்மையாலேயே, அவன் எதற்கெல்லாம் வருந்துகிறான், எதற்கு வருந்தவில்லை என்பதையும் டெஃபோ நம் கண்ணில் படும்படி வைத்திருக்கிறார். தந்தையின் சொல்லைக் கேட்காமல் போனதுதான் தன் முதல் பாவம் என்று குரூசோ திரும்பத் திரும்பச் சொல்கிறான். கினிப் பயணத்தைப் பற்றியும் நொந்துகொள்கிறான். பொறுமையாக இருந்திருந்தால் வீட்டு வாசலிலேயே அடிமைகளை வாங்கியிருக்கலாமே, கொஞ்சம் விலை கூடியிருக்கும், அவ்வளவுதானே என்பது அந்த நோவு! இந்த வரியைப் படித்தவர்கள் அவனை வெறும் வீரனாகப் பார்க்க மாட்டார்கள். வெறும் வில்லனாகவும் பார்க்க முடியாது. மனிதரைத் தின்போர் தீவுக்கு வருவதைக் கண்டு, அவர்களைச் சுட்டுத் தள்ளத் திட்டம் போட்டவன், இவர்களுக்குத் தீர்ப்புச் சொல்ல நான் யார் என்று தன்னையே கேட்டு நிறுத்துவதும் இதே நாவலில்தான். அமெரிக்காவில் ஸ்பானியர்கள் செய்த கொலைகளையும் அந்த இடத்தில் நினைத்துப் பார்க்கிறான்.

ஃபிரைடேயைக் கட்டுரை 'விசுவாசமான பணியாள்' என்ற இரண்டு சொல்லில் முடித்துவிட்டது எனக்கு வருத்தம். நாவலில் மிக நல்ல கேள்வியைக் கேட்பவன் அவன்தான். கடவுள் சாத்தானைவிடப் பலசாலி என்றால் ஏன் அவனைக் கொன்றுவிடவில்லை? குரூசோவுக்குப் பதில் வரவில்லை. காதில் விழாதது போல நடிக்கிறான். பின்னால் ஒரு படகில் கட்டிப்போடப்பட்டுக் கிடந்த தன் அப்பாவைக் கண்டதும் ஃபிரைடே அழுவதும் சிரிப்பதும் ஆடுவதும், மரத்துப்போன அவர் கைகால்களைத் தேய்த்துவிடுவதும் எந்தச் சுருக்கத்திலும் விடக் கூடாத பக்கங்கள். அவனுக்கும் ஒரு மொழி, ஒரு குடும்பம், ஒரு ஊர் இருந்தது. உயிர் தப்பி வந்தவனிடம் குரூசோ அவன் பெயரைக் கேட்கவே இல்லை. புதுப் பெயர் வைத்து, தன்னை எஜமான் என்று கூப்பிடத்தான் கற்றுக்கொடுத்தான்.

நம் பக்கத்துச் சங்கதி ஒன்றும் இதில் உண்டு. இந்த நாவலுக்குத் தூண்டுதலாக இருந்திருக்கக்கூடியவர்களில் ஒருவராக ராபர்ட் நாக்ஸையும் ஆய்வாளர்கள் சொல்வார்கள். 1660இல் திருகோணமலைப் பக்கம் பிடிபட்டு, கண்டி அரசனின் ஆட்சிப் பகுதியில் 19 வருடத்துக்கு மேல் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் அவர். 1679இல் மன்னார்ப் பகுதியின் அரிப்புக் கோட்டைக்குத் தப்பி வந்தார். 1681இல் தன் அனுபவத்தை நூலாக வெளியிட்டார். அவ்வளவு காலம் சிறைப்பட்டிருந்தவர், பின்னாளில் அடிமைகளை ஏற்றிவர மடகாஸ்கருக்குக் கப்பல் ஓட்டிப் போனார். டெஃபோ எழுதிய முரண்பாடு அந்தக் காலத்தில் நிஜ மனிதர்களிடமும் இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஸூரியைப் பற்றி இன்னும் ஒன்று. தீவிலிருந்து மீண்ட குரூசோ லிஸ்பன் போய் அதே கப்பல் தலைவனைச் சந்திக்கிறான். பிரேசில் தோட்டத்தின் கணக்கு வழக்கெல்லாம் பேசித் தீர்க்கிறார்கள். குரூசோ பணக்காரனாகிவிட்டான். நன்றியாகக் கிழவருக்கு ஆயுள் முழுக்க ஆண்டுதோறும் ஒரு தொகை வரும்படி ஏற்பாடு செய்கிறான், அவருக்குப் பின் அவர் மகனுக்கும். ஸூரி என்ன ஆனான், பத்து வருடத்தில் விடுதலை கிடைத்ததா என்று அவன் கேட்கவில்லை. தலைவரும் சொல்லவில்லை.

இதையெல்லாம் பத்து வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா என்று உங்கள் ஆசிரியர் குழு யோசிக்கலாம். தாராளமாகச் சொல்லலாம். நண்பனை விற்பது என்றால் என்ன என்பது அந்த வயதுக்குப் புரியும். தொடரின் முதல் இரண்டு பகுதிகளைச் சலேக்கும் படகுப் பயணத்துக்கும் ஒதுக்குங்கள். மூன்றாவதில் கினிக் கப்பல் எதற்காகப் புறப்பட்டது என்பதை மறைக்காமல் எழுதுங்கள். இடம் போதாவிட்டால் கடைசியில் வரும் பிரனீஸ் மலைக் கரடி, ஓநாய்ப் பகுதியைக் குறைத்துக்கொள்ளலாம். ஓவியருக்கும் ஒரு வேண்டுகோள்: படகில் இரண்டு பேரையும் வரையச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தஞ்சாவூர்