வட்டத்தின் நடுவே ஒரு கோடு

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்து, கைத்தடி இல்லாமல் வீட்டுக்குள் நடக்கிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. மகள் வேலை மாறியதும் நல்ல செய்தி. அவளிடம் என் வாழ்த்தைச் சொல். அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அந்த வாரக் கடைசியில் ஓர் இடத்துக்குப் போவதாக இருந்தேன். அதைப் பார்த்துவிட்டு எழுதினால் உனக்குப் பிடித்த செய்தியாக இருக்கும் என்று தள்ளிப்போட்டேன்.

நானும் மாறனும் தரைதட்டிக் கிடக்கும் ஒரு பழைய சரக்குக் கப்பலை ராத்திரியில் பார்த்துவிட்டு வந்தோம்.

கைவிட்ட கப்பல் என்றால் யாருக்கும் சொந்தமில்லை என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை என்பது கப்பலில் வேலை பார்த்த உனக்குத் தெரிந்திருக்கும். மாறன் இரண்டு மாதம் அலைந்து எழுத்தில் அனுமதி வாங்கினான். வெளிப்பக்கமும் மேல்தளமும் மட்டும்தான் பார்க்கலாம், உள்ளே இறங்கக் கூடாது என்று அதில் இருந்தது. ஏன் ராத்திரி என்று கேட்பாய். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டித்தான் கடல் நன்றாக வற்றும், நாங்கள் போன பௌர்ணமியன்று வற்றம் இரவு பதினொன்றரைக்கு. நீர் திரும்பிய முதல் மணி நேரத்தில் மொத்த ஏற்றத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் ஏறும், அடுத்த மணியில் இரண்டு பங்கு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று. மாறன் இந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தான். இரவு ஒரு மணி அடிப்பதற்குள் மணலைத் தாண்டிவிட வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம்.

நிலா வெளிச்சத்தில் துருவுக்கு நிறமே இல்லை, செல்வம். கப்பல் முழுக்கக் கரியில் வரைந்ததுபோல நின்றது. டார்ச்சை அடித்தால் அந்த வட்டத்துக்குள் மட்டும் செம்மண் நிறம் எழும்பும், அணைத்தால் திரும்பக் கறுப்பு. கொட்டலசு, அதுதான் ஓட்டோடு தகட்டில் ஒட்டிக்கொள்ளும் சிறு கடலுயிர், இடுப்பு உயரத்துக்கு மொய்த்திருந்தது. அதற்கு மேலே, அலை தெறிக்கும் பட்டையில் தகடு சல்லடையாகியிருந்தது. ஈரமும் காற்றும் மாறி மாறிப் படுகிற இடம்தான் முதலில் போகும் என்று நீ முன்பு எழுதியது அங்கே கண்ணுக்கு நேராக இருந்தது. எதிர்ப்பக்கத் தகட்டிலும் ஓட்டைகள். அவற்றின் வழியாக நிலவொளி புள்ளி புள்ளியாக இந்தப் பக்க மணலில் விழுந்திருந்தது.

சத்தத்தையும் சொல்ல வேண்டும். பகல் முழுக்கக் காய்ந்த இரும்பு ராத்திரியில் சுருங்குகிறது. எங்கோ உள்ளே ‘டிக்’ என்று ஒன்று, கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. முதல் தடவை கேட்டபோது யாரோ நடக்கிறார்கள் என்றே நினைத்தேன்.

கப்பலின் நடுப்பகுதியில் மாறன்தான் அதைக் கண்டான். “இங்கே ஏதோ மேடாக இருக்கிறது” என்று கையை உயர்த்தித் தடவினான். மணல் பாதி உடலை விழுங்கியிருப்பதால் தலைக்குச் சற்று மேலேதான் இருந்தது. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்ததும் நிழல் விழுந்து உருவம் தெளிந்தது. ஒரு வட்டம், நடுவே ஒரு கிடைக்கோடு. பக்கத்தில் ஏணிபோலச் சிறு கோடுகள். வர்ணம் எப்போதோ போய்விட்டது, வெல்டிங்கில் மேடாகப் போட்டிருந்ததால் கோடு மட்டும் தங்கியிருந்தது.

விடுதி அறையில் நோட்டின் பின்னட்டையில் நீ வரைந்து காட்டினாயே, சரக்கேற்றிய கப்பல் எதுவரை நீரில் அமிழலாம் என்று காட்டும் அதே பிளிம்சால் குறி! வட்டம் 300 மில்லிமீட்டர், கோடு 450 என்று அளவோடு சொன்னாய். அளவுக்கு மீறிச் சரக்கேற்றி ஆட்களைச் சாகக் கொடுத்த காலத்தில், சாமுவேல் பிளிம்சால் பிரிட்டன் நாடாளுமன்றத்தில் வருஷக்கணக்கில் சண்டை போட்டு, 1876இல் இதைச் சட்டமாக்க வைத்தார் என்றாய். வெப்பக் கடலுக்கு ஒரு கோடு, கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு இன்னும் கீழே ஒன்று. இங்கே எழுத்துகளில் கோடைக்கான எஸ், குளிர்காலத்துக்கான டபிள்யூ இரண்டும்தான் மிஞ்சியிருந்தன. கோடைக்கோட்டில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். இவ்வளவுதான் ஏற்றலாம், இதற்கு மேல் உள்ளே இருப்பவர்களின் உயிர் என்று யாரோ அளந்து போட்ட கோடு அது. கப்பலின் பெயரே அழிந்துவிட்டது, இது அழியவில்லை.

அப்புறம் மடக்கு ஏணி போட்டு மேலே ஏறினோம். தகட்டுக்கு அடியில் உத்தரம் ஓடும் வரிசையிலேயே பார்த்துப் பார்த்துக் கால் வைத்தோம். முன்பகுதியில் ஓர் இரும்புக் கதவு ஒரு சாண் திறந்து கிடந்தது. நங்கூரச் சங்கிலி அறைக்கு இறங்கும் வழியாக இருக்க வேண்டும். டார்ச் வெளிச்சத்தில் ஏணிப்படிகள் தெரிந்தன, அடி தெரியவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் அனுமதிக் கடிதம் எனக்கு நினைவிலேயே இல்லை. கதவை நகர்த்தி ஒரு காலை உள்ளே வைத்துவிட்டேன்.

மாறன் என் சட்டையைப் பிடித்தான். “நீ உள்ளே விழுந்தால் நான் வந்து தூக்குவேன். அதனால் போகாதே” என்றான்.

அந்தக் கணத்தில் உன் பழைய கடிதம் ஒன்று நினைவுக்கு வந்தது. கப்பலில் நெருப்பைவிட மூடிக் கிடந்த அறைக்குத்தான் அதிகம் பயப்படுவேன் என்று எழுதியிருந்தாய். துருப்பிடிக்கிற இரும்பு அந்த அறைக் காற்றிலிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும், வாசனை வராது, மூச்சு முட்டுவதுகூடத் தெரியாது, காலடியில் ஆள் சரிவான். அவனைத் தூக்கப் போகிற இரண்டாவது ஆளும் அவன் பக்கத்திலேயே சரிவான் என்று. அதைப் படித்தபோது ஒரு கப்பல்காரனின் அனுபவமாகத்தான் படித்தேன். மாறனின் கை சட்டையில் இருந்தபோதுதான் அந்த இரண்டாவது ஆளுக்கு ஒரு முகம் வந்தது. காலை எடுத்துக்கொண்டேன். கதவை இருந்தபடியே விட்டுவிட்டு இறங்கினோம்.

பன்னிரண்டே முக்காலுக்கு மணலைத் தாண்டினோம். எங்கள் காலடிக் குழிகளில் அதற்குள் தண்ணீர் நின்றது. நமீபியாவில் எடுவார்ட் போலன் என்றொரு கப்பல், 1909இல் பனிமூட்டத்தில் தரைதட்டியது, இன்று கடலைவிட்டுச் சில நூறு மீட்டர் உள்ளே பாலைவன மணலில் கிடக்கிறது என்று மாறன் சொல்லிக்கொண்டு வந்தான். எனக்குக் காதில் பாதிதான் ஏறியது. உன் கடைசிக் கப்பலை உடைக்க அனுப்பினார்கள் என்று நீ ஒரே ஒரு வரி எழுதினாயே, அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன். அன்று நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். எழுத முடிந்தால் எழுது.

முழங்கால் நன்றாக ஆறட்டும், அவசரமே இல்லை. ஆறிய பிறகு ஒரு பௌர்ணமிக்கு வா. அந்த வட்டத்தைப் பார்க்க ஏணி ஏற வேண்டியதில்லை, மணலில் நின்றபடியே தொடலாம்.

அன்புடன்,
இளங்கோ