கூத்துக் கண்காட்சி அரங்கம் முடிய இன்னும் 5,35,000 ரூபாய் வேண்டும்

திரௌபதி அம்மன் துணை

ஊர்ப் பெரியோர்களுக்கும் வெளியூரில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் அரங்கக் கமிட்டியின் வணக்கம்.

கோயில் மைதானத்தில் கட்டிவரும் கூத்துக் கண்காட்சி அரங்கத்துக்குக் கூரை போட்டாகிவிட்டது. முகப்பு வேலைதான் பணமில்லாமல் நிற்கிறது. வைகாசியில் பாரதத் திருவிழாவுக்குக் கொடி ஏறுவதற்குள் அரங்கத்தைத் திறந்தாக வேண்டும். சித்திரையில் ஆசாரி வேறு ஊர்த் தேர் வேலைக்குப் போகிறார். பங்குனிக்குள் பணம் சேர்ந்தால்தான் உண்டு.

நம் வட ஆற்காடு மாவட்டம் 1989-ல் இரண்டானது, 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றானது. கூத்துக்கு இந்த எல்லையெல்லாம் கிடையாது. தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரானுக்குச் சங்கீத நாடக அகாதமி விருது கிடைத்தபோது பாலாற்றுக்கு இந்தப் பக்கமும் பெருமைப்பட்டோம். நம் ஊர்க் கூத்து வாத்தியார்கள் விருது வாங்கவில்லை. ஆனால் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து, அர்ச்சுனன் தபசு, படுகளத்தில் (பாரதப் போரின் முடிவைக் காட்டும் இடம்) மண்ணால் செய்த துரியோதனன், அப்புறம் தீமிதி என்று ஒன்றையும் விடாமல் நடத்திக் கொடுத்தவர்கள் அவர்கள். கூத்தில் ஊதும் முகவீணைக் குழலின் சத்தம் கேட்டுத் தூக்கம் கலைந்து, பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடாத பிள்ளை இந்த ஊரில் உண்டா?

அரங்கத்தின் அமைப்பும் கூத்திலிருந்தே வந்தது. முகப்பின் நடுவில் கிரீடம், இரண்டு பக்கமும் புஜகீர்த்தி என்னும் தோள் அணி. சிவப்பும் பச்சையும் பூசி, வேஷக்காரர் அணியும் மர அணிகளான கட்டையில் பதிப்பதுபோலவே கண்ணாடிச் சில்லுகள் பதிக்கிறோம். வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்று பாடும்போது முதலில் கிரீடத்தின் உச்சிதானே நமக்குத் தெரியும்? அதற்காகவே வாசலுக்கு நேராக ஆள் உயரத்துக்கு ஒரு சுவர் வைத்திருக்கிறோம். உள்ளே வருபவர் அதற்கு மேலே கிரீடங்களைப் பார்த்துவிட்டுத்தான் சுற்றி வருவார். நடுவில் மண் தரை. அங்கே கூத்தும் ஆடலாம்.

காலமான பெரிய வாத்தியாரின் குடும்பத்தார் அவருடைய கட்டை அணிகளை நமக்கே கொடுத்துவிட்டார்கள். கிரீடத்தின் உள்பக்கம் வியர்வை பட்டுக் கறுத்திருக்கிறது. கயிறு இழுத்த தடம் மரத்தில் பள்ளமாகவே விழுந்திருக்கிறது. அது இன்று கோயில் ஸ்டோர் ரூமில் சாக்குப் பையில் கிடக்கிறது. கரையான் வந்தால் என்ன செய்வது?

மொத்த மதிப்பீடு 18,60,000 ரூபாய். வசூலான 13,25,000-மும் செலவாகிவிட்டது. இனி முகப்பு மர வேலைக்கும் சிமென்ட் வேலைக்கும் 2,10,000, கண்ணாடி பதிக்கவும் வர்ணத்துக்கும் 85,000, பூட்டு வைத்த கண்ணாடிப் பெட்டிகளுக்கு 1,30,000, மின்சாரத்துக்கு 70,000, மண் தரைக்கும் சுற்றுக்கட்டுக்கும் 40,000. வரவு செலவு கோயில் போர்டில் எழுதியிருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இதுவரை கொடுத்தவர்களை எப்படி மறப்போம்? ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்கள் ஒரு நாள் சம்பளத்தை அப்படியே கொடுத்தார்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் பாட்டிமார்கள் முந்தானையில் முடிந்த காசை அவிழ்த்துக் கொடுத்தார்கள். பெங்களூரிலும் குவைத்திலும் இருக்கும் தம்பிகள் மாதாமாதம் அனுப்பினார்கள். மேல்விஷாரம் பாய் ஒருவர், தன் பெயரைப் போடக் கூடாது என்று சொல்லி, அஸ்திவாரத்துக்கு வேண்டிய சிமென்ட் முழுவதையும் இறக்கிவிட்டுப் போனார். அம்மன் இவர்கள் வீட்டில் குறை வைக்க மாட்டாள்.

போன ஆடியில் சந்நிதி முன்னால் தொகை சொன்ன சிலர் இன்னும் கொடுக்கவில்லை. பெயரை எழுத எங்களுக்கு மனமில்லை. சொன்ன வாக்கு அம்மனுக்குச் சொன்னது. மஞ்சள் நீராட்டுக்கு லட்சக்கணக்கில் பந்தல் போடும் ஊர் இது. அதே ஊரில் கூத்தாடியின் கிரீடத்துக்கு ஒரு பெட்டி இல்லை என்றால், தீமிதிக்கு வரும் சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? சென்னையில் உட்கார்ந்து “எங்க தாத்தா கூத்து வாத்தியார்” என்று பெருமையாகச் சொல்லும் பேரன்களுக்கும் இதில் கடமை இருக்கிறது.

தினமும் சாயங்கால பூஜை முடிந்ததும் பொருளாளர் கோயில் அலுவலகத்தில் இருப்பார். ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள். 5,000 ரூபாயும் அதற்கு மேலும் தருபவர்களின் பெயர் கல்வெட்டில் வரும். குறைவாகத் தருபவர்களின் பெயர் கொடியேற்றத்தன்று மைக்கில் வாசிக்கப்படும். பரணில் பழைய கட்டையோ சலங்கையோ கிடந்தால் பழைய சாமான் வியாபாரியிடம் போடாமல் இங்கே கொண்டுவாருங்கள், அதற்கும் ரசீது உண்டு.

இப்படிக்கு,
அரங்கக் கமிட்டியார்