அவுட்ஃபீல்டரின் எறிதிறனை எதை வைத்து அளப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க பேஸ்பால் வரலாற்றின் தலைசிறந்த எறிதிறன் கொண்ட அவுட்ஃபீல்டர்களை (ஆடுகளத்தின் வெளிப்பகுதியில் நின்று பந்தைத் தடுப்பவர்களை) வரிசைப்படுத்தித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை மிகுந்த ஆர்வத்தோடு படித்தேன். இந்த ஆட்டத்தைப் பற்றித் தமிழில் இவ்வளவு விரிவாக எழுதுபவர்கள் அரிது. அதற்கு என் நன்றி. ஆயினும், அந்த வரிசை முழுவதும் 'அசிஸ்ட்' எண்ணிக்கையை மட்டுமே நம்பி அமைக்கப்பட்டிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

பேஸ்பாலில் பந்தை அடித்தவர் ஹோம் பிளேட்டிலிருந்து புறப்பட்டு, மூன்று பேஸ்களையும் வரிசையாகத் தொட்டு மீண்டும் அங்கே வர வேண்டும். அவுட்ஃபீல்டர் எறிந்த பந்தால் அப்படி ஓடும் ஓட்டக்காரர் ஒருவர் அவுட்டானால், எறிந்தவரின் கணக்கில் ஓர் அசிஸ்ட் சேரும். எண்ணிக்கை அதிகமென்றால் கையும் வலிமையானது என்று முடிவுகட்டுவது எளிது. ஆனால் 1930ஆம் ஆண்டில் 44 அசிஸ்டுகளைக் குவித்ததற்காகக் கட்டுரை முதலிடம் தந்த சக் கிளைன் எங்கே, எந்த அணிக்காக ஆடினார் என்பதைக் கட்டுரையாளர் கவனித்திருக்க வேண்டும். பிலடெல்பியா பில்லீஸ் அணியின் பேக்கர் பௌல் மைதானத்தில் ரைட் ஃபீல்ட் (அடிப்பவரின் பார்வையில் வலப்பக்க வெளிப்பகுதி) சுவர் ஹோம் பிளேட்டிலிருந்து ஏறத்தாழ 280 அடி தூரத்திலேயே உயர்ந்து நின்றது. அதற்கு முன்னால் நின்ற கிளைனால், பிற மைதானங்களின் ரைட் ஃபீல்டர்களைவிட மிகக் குறைந்த தூரத்திலிருந்தே எறிய முடிந்தது. அந்த ஆண்டு பில்லீஸ் பந்துவீச்சாளர்கள் ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் சராசரி (ERA) 6.71, அணி 102 ஆட்டங்களில் தோற்றது. எதிரணி வீரர்கள் ஓயாமல் பேஸ்களில் நின்றுகொண்டிருந்தால், அவர்களில் அவுட்டாவோரும் பெருகத்தானே செய்வார்கள்? கிளைனின் கை பலவீனமானது என்பதல்ல என் வாதம். அந்த 44 என்ற எண்ணில் மைதானத்துக்கும் பந்துவீச்சுக்கும் உரிய பங்கைக் கழிக்காமல் அவரை முதலிடத்தில் வைப்பது நியாயமில்லை என்பதே.

டிரிஸ் ஸ்பீக்கர் தம் ஆட்டக்காலம் முழுவதும் பெற்ற 449 அசிஸ்டுகளும் இப்படித்தான். பந்து வெகுதூரம் பறக்காத காலத்தில், சென்டர் ஃபீல்டில் இரண்டாம் பேஸுக்கு மிக அருகில் வந்து நின்று ஆடியவர் அவர். அவருடைய மேதைமை நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் இருந்தது. அது பெரும் திறமை என்பதில் ஐயமில்லை. ஆனால் எறிதிறன் அது அன்று.

எண்ணிக்கையின் பெருங்குறை வேறொன்று. ஒரு கையின் வலிமை ஊரறிந்ததாகிவிட்டால், ஓட்டக்காரர்கள் ஓடுவதை நிறுத்திவிடுகிறார்கள். 2001 ஏப்ரல் 11 அன்று ஓக்லாந்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். எட்டாவது இன்னிங்ஸ், முதல் பேஸில் டெரன்ஸ் லாங். ரமோன் ஹெர்னாண்டஸ் அடித்த பந்து ரைட் ஃபீல்டில் தரையோடு செல்ல, இரண்டாம் பேஸைக் கடந்த லாங் சற்றும் தயங்காமல் மூன்றாம் பேஸை நோக்கி ஓடினார். அமெரிக்க லீக்கில் அடியெடுத்து வைத்துச் சில நாட்களே ஆகியிருந்த சியாட்டில் அணியின் ரைட் ஃபீல்டர் இச்சிரோ சுசுகி, ஓடிவந்து பந்தை எடுத்த வேகத்திலேயே எறிந்தார். பந்து மேலெழும்பி வளையவில்லை. நூல் பிடித்தாற்போலத் தாழ்வாகச் சென்று மூன்றாம் பேஸில் நின்ற அவருடைய அணி வீரர் டேவிட் பெல்லின் கையுறைக்குள் புகுந்தது. பெல் கையுறையை நகர்த்த வேண்டிய தேவையே இல்லாதபடி, லாங் தாமாகவே அதில் வந்து மோதினார். அத்தகைய கைக்கு உரியவர் அந்த ஆண்டு முழுவதும் பெற்ற அசிஸ்டுகள் எட்டு மட்டுமே! எதிரணியின் மூன்றாம் பேஸ் பயிற்சியாளர் இரு கைகளையும் உயர்த்தி ஓட்டக்காரரை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் எறிபவரின் அணிக்கு ஒரு பேஸ் மிச்சமாகிறது. அது அசிஸ்ட் கணக்கில் எங்கும் பதிவாவதில்லை. தங்கள் வரிசையில் இச்சிரோ இடம்பெறாமல் போனதற்கு இதுவே காரணம் என்று கருதுகிறேன்.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மூன்றாம் பேஸுக்கு ரைட் ஃபீல்டிலிருந்து எறிய வேண்டிய தூரமே அதிகம் என்பதால், வலிமையான கைகளை அணிகள் பொதுவாக அங்கேதான் நிறுத்துகின்றன. லெஃப்ட் ஃபீல்டரின் கையை ஓட்டக்காரர்கள் துணிந்து சோதிக்கிறார்கள். மூன்றாம் பேஸ் வீரராக இருந்து லெஃப்ட் ஃபீல்டுக்கு மாற்றப்பட்ட கான்சஸ் சிட்டியின் அலெக்ஸ் கார்டன், 2011இல் 20 அசிஸ்டுகள் பெற்றதில் அவருடைய துல்லியத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அவரைப் பற்றி எதிரணிகள் வைத்திருந்த தப்புக்கணக்குக்கும் பங்கு உண்டு. இரு இடங்களையும் ஒரே பட்டியலில் கலப்பது இரு தரப்புக்கும் இழைக்கும் அநீதியாகும்.

அப்படியானால் வேகத்தை அளந்து பார்த்துவிடலாமே என்று சிலர் கேட்கக்கூடும். ஸ்டேட்காஸ்ட் கருவிகள் 2015 முதல் எல்லா மைதானங்களிலும் அதை அளக்கின்றன. 2016இல் ஆரன் ஹிக்ஸ் மணிக்கு 105.5 மைல் வேகத்தில் ஹோம் பிளேட்டுக்கு எறிந்து டேனி வலென்சியாவை அவுட்டாக்கியது வியக்கத்தக்கதுதான். ஆனால் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். காற்றின் தடையை விட்டுவிட்டால், 250 அடி தூரத்தை 95 மைல் வேகப் பந்து 90 மைல் வேகப் பந்தைவிட ஏறத்தாழ ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு முன்னதாகக் கடக்கும். பந்தைக் கையுறையிலிருந்து எடுப்பதில் அதே அளவு தாமதித்தால் அந்த ஐந்து மைலும் வீணாகிவிடும். அதற்குள், நொடிக்கு 27 அடி ஓடும் சராசரி ஓட்டக்காரர் இரண்டேமுக்கால் அடி முன்னேறியிருப்பார். அவுட்டா இல்லையா என்பது பெரும்பாலும் அதைவிடக் குறைந்த இடைவெளியில்தான் முடிவாகிறது. எறி மிக உயரமாகப் போய் இடையில் நிற்கும் கட்-ஆஃப் வீரருக்கு எட்டாவிட்டால், பின்னால் வரும் ஓட்டக்காரரும் ஒரு பேஸை இலவசமாகப் பெறுகிறார். விளாடிமிர் குரேரோவின் கை அச்சுறுத்தும் வலிமை உடையது. ஆனால் பிழைகளின் எண்ணிக்கையிலும் அவர் பல பருவங்களில் முன்னணியில் இருந்தார் என்பதைச் சேர்த்தே எடைபோட வேண்டும்.

ஆகவே, ஓட்டக்காரர்களுக்குக் கூடுதல் பேஸ் எடுக்க வாய்ப்பு எத்தனை முறை கிடைத்தது, அவற்றில் எத்தனை முறை அவர்கள் நின்றார்கள், எத்தனை முறை ஓடி அவுட்டானார்கள் என்ற மூன்றையும் வைத்தே வரிசை அமைய வேண்டும். பழைய ஆட்டங்களுக்கும் ரெட்ரோஷீட் என்ற அமைப்பின் தன்னார்வலர்கள் திரட்டியுள்ள, ஆட்டத்தின் ஒவ்வொரு நிகழ்வையும் காட்டும் பதிவுகள் பெருமளவில் கிடைக்கின்றன. கியூபாவின் மார்ட்டின் டிஹிகோ போன்றவர்களின் ஆட்டங்களுக்கு அத்தகைய முழுமையான பதிவு இல்லாததால், உடன் ஆடியவர்களின் சாட்சியத்துக்குத் தனி இடம் ஒதுக்கலாம்.

என்னைக் கேட்டால் முதலிடம் பிட்ஸ்பர்க் அணியின் ரைட் ஃபீல்டர் ராபர்ட்டோ கிளெமெண்டேவுக்கே. பள்ளிப்பருவத்தில் ஈட்டி எறிந்து பழகிய அந்தக் கைக்கு அஞ்ச வேண்டும் என்பதை 1958இலேயே நேஷனல் லீக் அறிந்துகொண்டது. அப்படியிருந்தும் 1967 வரை ஐந்து பருவங்களில் அசிஸ்ட் பட்டியலில் அவர் முதலிடம் பெற்றார் என்றால், எதிரணியினர் எச்சரிக்கையாக இருந்தபோதும் அவர் வென்றார் என்று பொருள். புரூக்ளின் அணியின் கார்ல் ஃபுரில்லோ தங்கள் பட்டியலில் விடுபட்டிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது. 1951 ஆகஸ்டில் ரைட் ஃபீல்டுக்கு நேரே பந்தை அடித்துவிட்டு முதல் பேஸுக்கு ஓடிய பிட்ஸ்பர்க் பந்துவீச்சாளர் மெல் குவீனை, அவர் பேஸைத் தொடும் முன்பே எறிந்து வீழ்த்தியவர் ஃபுரில்லோ. கட்டுரையின் அடுத்த பகுதி வெளிவருமாயின், ரைட் ஃபீல்ட், சென்டர் ஃபீல்ட், லெஃப்ட் ஃபீல்ட் ஆகிய மூன்றுக்கும் தனித்தனிப் பட்டியல் தருமாறும், அதில் ஃபுரில்லோவைச் சேர்க்குமாறும் கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்