குதிரைகளைப் பார்த்துவிட்டு வந்தேன்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது, கோபித்துக்கொள்ளாதே. அதைப் படித்த கையோடுதான் அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்துக்குக் கிளம்பினோம், நானும் சின்னவளும். வழியெல்லாம் உன் கேள்வியே மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. "அது காட்டுக்குதிரையே இல்லை, எப்போதோ ஓடிப்போன வீட்டுக்குதிரையின் வம்சம், அதற்குப் போய் இவ்வளவு பரிவா, அது தின்று தீர்க்கிற புல்லுக்காகப் பேச யார் இருக்கிறார்கள்?" என்று எழுதியிருந்தாயே, அது. முப்பது வருஷம் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள் புல்லின் பக்கம் நிற்காமல் வேறு எந்தப் பக்கம் நிற்பாய்! முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததில் எனக்கு நிம்மதி. அந்த வைத்தியத்தை மட்டும் பாதியில் விட்டுவிடாதே.

நாங்கள் போன இடம் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், பிளாக் ஹில்ஸ் மலைப்பகுதியின் தெற்கே இருக்கிறது. பிளாக் ஹில்ஸ் காட்டுக்குதிரைகள் சரணாலயம் என்று பெயர். 11,000 ஏக்கர். நடுவில் ஷையன் ஆறு ஓடுகிறது, இரண்டு பக்கமும் செங்குத்தான பாறைச்சரிவு, மேலே பைன் மரங்கள், அதைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய வரை புல்வெளி. டேட்டன் ஹைட் என்ற ஓரிகன்காரர் 1988இல் தொடங்கினார். அவரே மாடு வளர்த்த பண்ணைக்காரர்தான், எழுத்தாளரும்கூட. அரசாங்கம் பிடித்து அடைத்து வைத்திருந்த குதிரைகளைப் பட்டியில் பார்த்துவிட்டு மனசு தாங்காமல் இதில் இறங்கியவர். 2018 கடைசியில் காலமாகிவிட்டார், அவர் விட்ட குதிரைகளும் அவற்றின் வம்சமும் அங்கே மேய்ந்துகொண்டிருக்கின்றன.

பேருந்தில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். முதல் அரை மணி நேரம் ஒரு குதிரையும் கண்ணில் படவில்லை, பாதையோரம் முட்டு முட்டாகச் சாணக் குவியல்கள் மட்டும். ஆண் குதிரைகள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சாணமிட்டுத் தங்கள் இருப்பைச் சொல்லிக்கொள்ளுமாம், வேறொரு ஆண் குதிரை வந்தால் முகர்ந்துவிட்டுத் தன் பங்கையும் போட்டுவிட்டுப் போகுமாம். அப்புறம் ஒரு திருப்பத்தில் பத்துப் பன்னிரண்டு குதிரைகள். வண்டியை நிறுத்தியதும் ஒரு செம்பழுப்புப் பெட்டை நேராக என் ஜன்னலுக்கே வந்துவிட்டது. கிழவி. கண்ணுக்கு மேலே குழி விழுந்திருந்தது, முதுகு கொஞ்சம் தொங்கியிருந்தது, பிடரி மயிரில் முள்ளுக்காய்கள் சிக்கிச் சடை பிடித்திருந்தன. மூச்சில் நசுக்கிய புல்லின் வாசம், அவ்வளவு பக்கம். கழுத்தின் இடது பக்கத்தில் பிடரிக்குக் கீழே வெள்ளையாக ஒரு வரி எழுத்து மாதிரி. கோணமும் கோடுமாக, நாம் படிக்காத ஏதோ மொழி போல.

அது அரசாங்கம் போட்ட அடையாளமாம். நம் ஊரில் மாட்டுக்குச் சூடு வைப்பார்களே, அதற்கு நேர் எதிர். திரவ நைட்ரஜனில் இரும்பைக் குளிரவைத்துத் தோலில் வைத்தால் மயிருக்கு நிறம் கொடுக்கிற செல்கள் செத்துப்போய், அந்த இடத்தில் வெள்ளை மயிர் முளைக்கும். ஒவ்வொரு கோணமும் ஒரு எண். அதில் பிறந்த ஆண்டும் பதிவு எண்ணும் இருக்கும். சின்னவள் அதைப் படம் எடுத்துக்கொண்டாள்.

அந்த அடையாளம் இருக்கிறதென்றால் இவளையும் எங்கோ ஒரு பாலைவெளியிலிருந்து பிடித்து வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பெரும்பாலும் பிடிப்பது ஹெலிகாப்டர் வைத்துத்தான். தாழப் பறந்து கூட்டத்தை மைல் கணக்கில் ஓட்டி வருவார்கள், இரண்டு பக்கமும் விரிந்து உள்ளே போகப் போகக் குறுகும் வேலி ஒன்று காத்திருக்கும், அதன் வாயில் பழக்கின குதிரை ஒன்றை அவிழ்த்துவிடுவார்கள். அது தீவனத்தை நினைத்துப் பட்டிக்குள் ஓட, மற்றவை அதை நம்பிப் பின்னாலேயே போய்விடும். கூட்டமாக வாழ்ந்த குடும்பம் அன்றைக்கே பிரிந்துவிடும், ஆண் ஒரு பக்கம், தாய் ஒரு பக்கம். இதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, மறைக்க ஒன்றுமில்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். காட்டுக்குதிரையா, ஓடிப்போனதா? நீ சொன்னது பாதி சரி. ஐரோப்பியக் கப்பல்களில் வந்து இறங்கிய குதிரைகளின் சந்ததிதான் இவை. ஆனால் குதிரை இனமே தோன்றி வளர்ந்தது வட அமெரிக்காவில்தான், சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே அற்றுப்போய், ஸ்பானியர்களோடு கடல் வழியாகத் திரும்பி வந்தது. வெளியாள் என்பாயா, வீடு திரும்பினவள் என்பாயா? இந்த மண்ணின் லக்கோட்டா மக்கள் குதிரையை முதலில் பார்த்தபோது அதற்கு அவர்களிடம் சொல்லே இல்லை, சுமை இழுக்க நாயைத்தான் வைத்திருந்தார்கள், அதனால் "புனித நாய்" என்று பெயர் வைத்தார்கள். எனக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனால் பெயரை வைத்துச் சண்டை போட்டுக்கொண்டே இருந்தால் புல்லும் பிழைக்காது குதிரையும் பிழைக்காது, அதுதான் இந்தப் பயணத்தில் எனக்குப் புரிந்தது.

1950இல் நெவாடாவில் வெல்மா ஜான்ஸ்டன் என்ற பெண்மணி வேலைக்குப் போகிற வழியில், முன்னால் போன லாரியிலிருந்து ரத்தம் சொட்டுவதைப் பார்த்திருக்கிறார். பின்தொடர்ந்து போனால் உள்ளே அடிபட்ட குதிரைகள், நாய் உணவு செய்யக் கொண்டுபோகிறார்கள். அந்தம்மா விடவில்லை. பள்ளிப் பிள்ளைகளைக் கட்டுக் கட்டாகக் கடிதம் எழுத வைத்தார். 1959இல் வண்டி வைத்து வேட்டையாடத் தடை வந்தது, 1971இல் முழுப் பாதுகாப்புச் சட்டமே வந்தது. இன்றைக்கு ஒரு குதிரையாவது அங்கே ஓடுகிறதென்றால் அவர்தான் காரணம்.

ஆனால் சட்டம் வந்த பிறகு குட்டிகளும் வந்தன. புலி சிறுத்தை மாதிரி அடித்துத் தின்னப் பெரிதாக எதுவும் இல்லாத வறண்ட நிலம் அது, மலைச் சிங்கம் எனப்படும் பூமா சில இடங்களில் குட்டியைப் பிடிக்கும், அவ்வளவுதான். வருஷத்துக்கு 15இலிருந்து 20 சதவீதம் பெருகுகின்றன. அரசு நில நிர்வாகத் துறை அந்த நிலம் தாங்கும் என்று கணக்கிட்டிருப்பது சுமார் 25,500 குதிரை, கழுதைகளை. 2020இல் அது 95,000 வரை போனது. இங்கேதான் உன் கட்சி பலமாகிறது. மாட்டுக்கு மேல்வாயில் முன்பற்கள் இல்லை, குதிரைக்கு மேலும் கீழும் உண்டு, அதனால் புல்லை அடிவரை கடித்துவிடும். ஊற்றுக்கண் ஒன்றுதான் இருக்கிற இடத்தில் குதிரைக் கூட்டம் வந்து நின்றுவிட்டால் மான் வகைகள் தள்ளி நின்று காத்திருக்கின்றன. இதைப் பார்க்காத மாதிரி இருக்க எனக்கு மனமில்லை.

அதே சமயம் பழியை எல்லாம் குதிரை தலையில் போடுவதும் எனக்கு ஒப்பவில்லை. மேற்கு மாநிலங்களில் அந்தத் துறை மாட்டுக்கும் ஆட்டுக்கும் மேய்ச்சலுக்கு விட்டிருக்கும் நிலம் ஏறத்தாழ 15.5 கோடி ஏக்கர். குதிரைக்கென்று ஒதுக்கியது இரண்டரைக் கோடிக்குச் சற்று மேல், அதிலும் பெரும்பாலான இடங்களில் மாடும் சேர்ந்தே மேய்கிறது. நிலம் தேய்கிறதென்றால் எல்லாக் குளம்பையும் எண்ண வேண்டும்.

பிடித்த குதிரைகள் எங்கே போகின்றன தெரியுமா? கொஞ்சம் பேர் தத்தெடுக்கிறார்கள். மீதி பட்டிகளிலும் வாடகை மேய்ச்சல் நிலங்களிலும் கிடக்கின்றன, அறுபதாயிரத்துக்கும் மேல். இவற்றை வைத்துப் பராமரிக்க மட்டும் 2023 நிதியாண்டில் 10 கோடி டாலருக்கு மேல், துறையின் குதிரைச் செலவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. நான் பார்த்த சரணாலயம் 11,000 ஏக்கரில் சில நூறு குதிரைகளைத்தான் தாங்குகிறது. அப்படியானால் அறுபதாயிரத்துக்கு எத்தனை டேட்டன் ஹைட் வேண்டும், கணக்குப் போட்டுப் பார். "ஒன்றையும் தொடாதே, சுதந்திரமாக விடு" என்று சொல்லிக்கொண்டுதான் நானும் அங்கே போனேன். அப்படி விட்டால் முடிவு பட்டிதான், அல்லது தாகத்தில் சாவு. ஆஸ்திரேலியாவில் கொசியுஸ்கோ மலைப் பூங்காவில் 2023இல் ஹெலிகாப்டரிலிருந்து சுட அனுமதி கொடுக்கும் வரை போய்விட்டது.

ஊசி என்று ஒரு வழி இருக்கிறது. பன்றியின் சினை முட்டையைச் சுற்றியிருக்கும் உறையிலிருந்து எடுத்த புரதம். அதைப் பெட்டைக்குச் செலுத்தினால் அதன் உடம்பே எதிர்ப்புப் பொருளை உண்டாக்கி விந்தணு முட்டையில் ஒட்டாமல் தடுத்துவிடும். பிடித்துக் கட்ட வேண்டியதில்லை, தூரத்தில் நின்று துப்பாக்கியால் ஊசியை எய்தால் போதும், தைத்து மருந்தை இறக்கிவிட்டு ஊசி தானே விழுந்துவிடும். குடும்பம் பிரியாது. மேரிலாந்துப் பக்கம் அசடீக் தீவில் 1994இல் இதைத் தொடங்கினார்கள். 175 வரை போன கூட்டம் இப்போது நூறுக்குள், அதுவும் வருஷாவருஷம் குட்டி போட்டுத் தேயாததால் பெட்டைகள் முன்பைவிட நீண்ட நாள் வாழ்கின்றன. கஷ்டமும் உண்டு. ஆண்டுதோறும் மறுபடி போட வேண்டும், ஒவ்வொரு குதிரையையும் முகம் பார்த்து அடையாளம் தெரிந்த ஆள் வேண்டும், ஆளைக் கண்டாலே அரை மைல் ஓடுகிற நெவாடாக் குதிரைகளிடம் நெருங்கவே முடியாது. அங்கே பிடித்து, ஊசி போட்டு, கூட்டத்தோடு திருப்பி விடலாமே என்கிறேன் நான். பட்டியில் கொட்டுகிற பணத்தில் ஒரு பங்கை இந்தப் பக்கம் திருப்பினாலே எவ்வளவோ நடக்கும். இப்போது இதற்குப் போவது சொற்பம்.

இதில் புல்லுக்கும் இடம் இருக்கிறது, பார். உனக்கு ஒப்பவில்லை என்றால் எங்கே ஒப்பவில்லை என்று எழுது. முக்கியமாக, அடிவரை கடித்த புல் அந்த மாதிரி வறண்ட மண்ணில் மறுபடி எழும்ப எத்தனை வருஷமாகும் என்று உனக்குத் தெரிந்ததைச் சொல், எனக்கு அது விளங்கவே இல்லை.

பேருந்து கிளம்பும்வரை அந்தக் கிழவி ஜன்னலை விட்டுப் போகவில்லை. ராத்திரி அறைக்கு வந்து சின்னவள் கோணங்களை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தாள். பிறந்த ஆண்டு 99. அவள் பிறந்த அதே வருஷம், ஆஸ்பத்திரியில் நீ எனக்குத் துணையாக மூன்று ராத்திரி உட்கார்ந்திருந்தாயே, அந்த வருஷம். படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பெரிதாக்கிப் பார், கழுத்து வெள்ளைக்குப் பக்கத்தில் முள்ளுக்காய் ஒட்டியிருப்பது தெரியும், அது என்ன செடி என்று நீதான் சொல்ல வேண்டும்.

என்றும் உன்,
பழைய தோழி