ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகுதான் ஆஸ்துமாவில் கவனம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பத்திரிகைகளில் ஆஸ்துமா பற்றி வருகிற கட்டுரைகள் பெரும்பாலும் தூசியைத் தவிர்க்கவும், புகையைத் தவிர்க்கவும் என்பதோடு முடிந்துவிடுகின்றன. அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் கடுமையான அட்டாக் வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பியவர் அதற்கப்புறம் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி நான் பார்த்ததில்லை. என் தம்பிக்கு அண்மையில் அப்படி ஒன்று வந்து ஐசியூ வரை போய்ப் பிழைத்துக்கொண்டான். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் "அப்பாடா, கண்டம் தாண்டியாச்சு" என்றார்கள். தாண்டவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பிரிட்டனில் ஆஸ்துமாவால் நிகழ்ந்த 195 மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2014இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். இறந்தவர்களில் பத்தில் ஒருவர், அட்டாக்குக்குச் சிகிச்சை பெற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய 28 நாட்களுக்குள் போயிருக்கிறார். நாம் நிம்மதிப் பெருமூச்சு விடுகிற அதே நாட்கள். இன்னொன்று, பாதிக்கு மேற்பட்டவர்கள் லேசான அல்லது மிதமான ஆஸ்துமா என்று கருதப்பட்டு அதற்குத் தகுந்த மருந்தில் இருந்தவர்கள். தம்பியையும் "அவனுக்கு வெறும் வீசிங்தானே" என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம், அவன் உட்பட.

ஏன் இப்படி ஆகிறது என்றால், அட்டாக்கில் இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உள்சுவர் வீங்கிச் சளி அடைக்கிறது. எல்லோரும் பையில் வைத்திருக்கிற சல்பியூட்டமால் பஃப், அதாவது உடனடி நிவாரண இன்ஹேலர், சில நிமிடங்களில் தசையைத் தளர்த்திவிடும், ஆளுக்கு உயிர் வந்த மாதிரி இருக்கும், ஆனால் வீக்கத்தை அது தொடுவதே இல்லை. வீக்கம் வடிய நாட்களும் வாரங்களும் ஆகும். அதுவரை உள்ளே நீறுபூத்த நெருப்புதான், ஒரு சாதாரண ஜலதோஷம் போதும். டாக்டர் ஐந்து நாளோ ஏழு நாளோ ஸ்டீராய்டு மாத்திரை எழுதியிருப்பார், மூன்றாம் நாள் நன்றாக இருக்கிறதே என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். தினமும் இழுக்கச் சொன்ன தடுப்பு இன்ஹேலர் டப்பாவிலேயே கிடக்கிறது, ஏனென்றால் அதை இழுத்தால் உடனே எதுவும் தெரிவதில்லை. உடனே தெரிகிற பஃப்தான் கைக்குப் பிடித்துப்போகிறது. அதே பிரிட்டன் ஆய்வில், இந்த மாதிரி உடனடி நிவாரண இன்ஹேலரில் இருந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரே வருடத்தில் பன்னிரண்டுக்கு மேல் எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. மாதம் ஒன்று காலியாகிறது என்றால் யாராவது ஒருவர் ஏன் என்று கேட்டிருக்க வேண்டாமா?

உலக அளவில் ஆஸ்துமா சிகிச்சைக்கு வழிகாட்டும் 'கினா' அமைப்பு 2019லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது, பெரியவர்களுக்கும் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் சல்பியூட்டமாலை மட்டும் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கக்கூடாது, அழற்சியை, அதாவது அந்த உள்வீக்கத்தைக் குறைக்கிற ஸ்டீராய்டு இன்ஹேலரும் கூட இருக்க வேண்டும் என்று. இங்கேதான் வழக்கமான பயம் வருகிறது: ஸ்டீராய்டா, இன்ஹேலரா, பழகிவிடுமே! பழகாது. மைக்ரோகிராம் கணக்கில் நேராக நுரையீரலுக்குப் போகிற மருந்து அது, தொண்டை கம்மலாம், வாயில் வெள்ளைப் படலம் வரலாம், இழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பினால் பெரும்பாலும் அதுவும் இல்லை. இதற்குப் பயந்தவர்கள் கடைசியில் அட்டாக்குக்கு அட்டாக் மில்லிகிராம் கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை விழுங்குகிறார்கள். எதற்குப் பயந்தார்களோ அதையே அதிகமாக!

தம்பிக்குக் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டில் மருந்துப் பெயர்கள் வரிசையாக இருந்தன. திரும்ப வந்தால் என்ன செய்வது என்று ஒரு வரி இல்லை. கேட்டதற்கு "வந்தால் வாங்க" என்றார்கள். சரி, எப்போது வர வேண்டும்? அதைத்தானே எழுதித் தர வேண்டும்? எந்த அறிகுறிக்கு எந்த மருந்தைக் கூட்டுவது, எந்த நிலையில் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவது என்று நோயாளிக்குப் புரிகிற மொழியில் ஒரு தாள் கொடுப்பது ஆஸ்துமா சிகிச்சையின் அடிப்படை. வீடு திரும்பிய ஒரு வாரத்துக்குள் மறுபடி டாக்டரைப் பார்ப்பதும், இன்ஹேலரை அவர் முன்னாலேயே இழுத்துக் காட்டுவதும் அப்படித்தான். பல வருடம் இழுத்தவர்கள்கூட மருந்தில் பாதியை நாக்கிலும் தொண்டையிலும் விட்டுவிடுகிறார்கள், இன்ஹேலரின் முனையில் ஸ்பேசர் என்கிற குழாய் மாதிரியான பிளாஸ்டிக் டப்பாவை மாட்டினால் அது பெருமளவு குறையும். இது குழந்தைகளுக்கு மட்டும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை.

அப்புறம் அந்தச் சத்தம். வீசிங் சத்தம் கேட்டால் பயப்படுகிறோம், நின்றால் குறைந்துவிட்டது என்று நினைக்கிறோம். கடுமையான அட்டாக்கில் காற்று உள்ளே போகவே வழியில்லாதபோதும் சத்தம் நின்றுபோகும், டாக்டர்கள் மிகவும் பயப்படுவது அதற்குத்தான். ஆளைப் பாருங்கள். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியவில்லையா, உதடு நீலம் பாய்கிறதா, குழம்புகிறாரா, தூக்கம் கண்ணைச் சொருகுகிறதா, இழுத்த பஃப் நாலு மணி நேரம்கூடத் தாங்கவில்லையா, காத்திருக்கவே கூடாது. அந்த ஆய்வில் இறந்தவர்களில் 45 சதவீதம் பேர் மருத்துவ உதவியை நாடாமலோ, உதவி கிடைப்பதற்கு முன்போ இறந்தவர்கள்.

ஆஸ்திரேலியாவில் முதலுதவியை எளிமையாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆளை நிமிர்த்தி உட்காரவைத்து, நிவாரண இன்ஹேலரை ஸ்பேசரில் மாட்டி, ஒரு நேரத்தில் ஒரு பஃப்பாக மொத்தம் நாலு பஃப், ஒவ்வொன்றுக்கும் நாலு மூச்சு, அப்புறம் நாலு நிமிடம் பொறுத்துப் பார்ப்பது. குறையவில்லை என்றால் இன்னொரு முறை அதே மாதிரி நாலு பஃப், அப்படியும் குறையவில்லை என்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, அது வரும்வரை அதையே தொடர்வது. நிலைமை ஆரம்பத்திலேயே மோசம் என்றால் முதலில் ஆம்புலன்ஸ். மே மாத முதல் செவ்வாய்க்கிழமை உலக ஆஸ்துமா தினத்துக்கு நீங்கள் எப்படியும் ஏதாவது போடுவீர்கள். இந்த வருடம் மேலே சொன்ன அபாய அறிகுறிகளையும் இந்த முதலுதவியையும் ஒரு டாக்டரிடம் காட்டிச் சரிபார்த்து, வெட்டி ஒட்டிவைக்கிற மாதிரி ஒரு கட்டத்துக்குள் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்