அம்மா கேட்கும் தொடர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய தொடர்கள் நன்றாக இருந்தனவா, இப்போது வருபவை நன்றாக இருக்கின்றனவா என்று வாசகர்கள் உங்களுக்கு எழுதுவதைப் படித்துவருகிறேன். நான் டிவியே கதி என்று இருப்பவள் அல்ல. துணி மடிக்கும்போது ஒரு கண் அங்கே இருக்கும், அவ்வளவுதான். ஆனால் என் அம்மாவுக்குச் சில வருடங்களாகக் கண் பார்வை இல்லை. வெளிச்சம் இருக்கிறதா, இருட்டா என்பது மட்டும் தெரியும். அதற்காக அவர் தொடர்களை விட்டுவிடவில்லை. அவர் கேட்பார், திரையில் நடப்பதை நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுவேன். சொல்லிச் சொல்லியே எனக்கும் இதில் ஓர் அபிப்பிராயம் வந்துவிட்டது.

2020 ஊரடங்கில் 'மெட்டி ஒலி'யை மறுபடி போட்டார்கள். அம்மாவுக்குப் பார்வை போன புதிது. டிவி பக்கமே வரமாட்டேன் என்று இருந்தவர், அப்பாவாக நடித்த டெல்லி குமார் பேசுவது காதில் விழுந்ததும் எழுந்து வந்து நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார். அந்தத் தொடரில் நான் எதையும் விளக்கவேண்டியே இருக்கவில்லை. ஐந்து பெண்களையும் பேச்சை வைத்தே பிரித்துச் சொல்லிவிடுவார். அழுகிற சத்தத்திலேயே இது யார் என்று தெரியும். மாமியார் வீட்டில் என்ன நடந்தது என்பதை ஒருத்தி இன்னொருத்தியிடம் வாயால் சொல்லுவாள், அப்பா பெருமூச்சு விடுவார், கதவு சாத்தும். கதை நகர்ந்துவிட்டது. 2002 முதல் 2005 வரை அது ஓடியபோது நான் இதையெல்லாம் கவனித்ததில்லை. இழுக்கிறார்கள் என்று குறைகூடச் சொல்லியிருக்கிறேன். இப்போது அதை இயக்கிய திருமுருகனுக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

அப்புறம் இணையத்தில் தேடி 'விடாது கருப்பு' போட்டேன். நாகா இயக்கிய 'மர்மதேசம்' வரிசையில் வந்த கதை, எழுதியவர் இந்திரா சௌந்தர்ராஜன். ஒரு காட்சியில் சேதன் வாயைத் திறந்த உடனே அம்மா, "இது மாணிக்கம் குரலாச்சே, மெட்டி ஒலில வந்தவன்" என்றார். முகம் பார்த்திருந்தால் நான்கூட அவ்வளவு சீக்கிரம் பிடித்திருக்கமாட்டேன். இருட்டில் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டதும் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பயத்தைக் காதிலேயே வைத்துச் செய்திருக்கிறார்கள்.

'மால்குடி டேஸ்' இந்தியில்தான் கிடைத்தது. எல். வைத்தியநாதனின் தொடக்க இசை முடிவதற்குள்ளேயே அம்மா முகம் மாறிவிட்டது. ஆர். கே. லக்ஷ்மண் வரைந்த அந்தப் படங்கள் ஒவ்வொன்றாக வருவதை நான் சொல்ல ஆரம்பித்தேன். "எனக்கு ஞாபகம் இருக்கு, நீ சும்மா இரு" என்றுவிட்டார்.

புதியவற்றைக் குறை சொல்லத்தான் இந்தக் கடிதம் என்று நினைத்துவிடவேண்டாம். கதையைப் பொறுத்தவரை இப்போது வருபவற்றில் சில, நான் பார்த்த எதையும்விடச் சிறந்தவை. 2023இல் வந்த 'அயலி' எட்டே பகுதிதான். வயதுக்கு வந்த பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பாத ஊரில், தான் வயதுக்கு வந்ததை மறைத்துப் படிக்கும் தமிழ்ச்செல்வியின் கதை. முதல் பகுதி முடிந்ததும் அம்மா, "நானும் அப்படித்தான் நின்னேன்" என்று மட்டும் சொன்னார். எட்டையும் இரண்டே நாளில் கேட்டு முடித்தோம். 'எதிர்நீச்சல்' தொடரில் மாரிமுத்து 'இந்தாம்மா ஏய்' என்று அதட்டினால் அம்மா நிமிர்ந்து உட்காருவார். 2023 செப்டம்பரில் மாரிமுத்து மறைந்த பிறகு வேல ராமமூர்த்தி அந்த வேடத்துக்கு வந்தார். அவரும் நல்ல நடிகர். ஆனால் அம்மாவுக்கு ஆதி குணசேகரன் என்றால் அந்தக் குரல்தான், பல நாள் அதைத் தேடிக்கொண்டே இருந்தார்.

சிக்கல் எங்கே என்றால், இன்றைய தொடர்களில் முக்கியமான விஷயம் பாதி காதுக்கு வருவதே இல்லை. கதாநாயகி போனை எடுக்கிறாள், வந்த செய்தி திரையில் எழுத்தாகத் தெரிகிறது, பின்னணி இசை உறுமுகிறது, காட்சி முடிந்துவிடுகிறது. கொலைகாரன் யார் என்பதே அந்தச் செய்தியில் இருக்கலாம். 'ஐந்து வருடங்களுக்கு முன்' என்பதும் எழுத்துதான். வேற்று மொழி பேசும் பாத்திரம் வந்தால் அதற்கும் அடியில் எழுத்து. முக்கியமான வசனம் கிசுகிசுப்பாக வரும், அதன்மேல் இசை ஏறி உட்கார்ந்துகொள்ளும். சத்தத்தைக் கூட்டினால் அடுத்த காட்சியில் காது கிழியும். தினசரித் தொடர்களில் இன்னொன்று: யாராவது கன்னத்தில் ஓர் அறை விழுந்ததும் வீட்டில் உள்ள எல்லார் முகத்தையும் சுற்றிச் சுற்றிக் காட்டுகிறார்கள். அம்மா "என்னடி ஆச்சு, என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். "யாரும் எதுவும் பேசலம்மா, பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க" என்பதைத் தவிர நான் என்ன சொல்ல?

இதற்கு வழி இருக்கிறது. வசனங்களுக்கு இடையில் கிடைக்கும் இடைவெளியில், திரையில் என்ன நடக்கிறது என்று ஒரு குரல் சுருக்கமாகச் சொல்லும் தனி ஒலித்தடம். ஒலி விவரிப்பு என்கிறார்கள். வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளலாம், மற்றவர்களுக்குத் தொந்தரவு இல்லை. 2015இல் நெட்ஃபிளிக்ஸ் 'டேர்டெவில்' தொடரை வெளியிட்டது. அதன் நாயகனே பார்வையற்றவன், ஆனால் தொடக்கத்தில் ஒலி விவரிப்பு இல்லை. பார்வையற்ற ரசிகர்கள் கேட்டார்கள், சில நாளிலேயே சேர்த்தார்கள். நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 42ஆவது பிரிவிலும் ஒலி விவரிப்பு பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கிறது. நம்முடைய தினசரித் தமிழ்த் தொடர்களில் அதை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

அதுவரைக்கும் எழுதுகிறவர்களும் இயக்குகிறவர்களும் சின்னதாக ஒரு காரியம் செய்யலாம். போனில் வந்த செய்தியை அந்தப் பாத்திரமே வாய்விட்டுப் படிக்கட்டும். வசனம் வரும் இடத்தில் இசையைக் கொஞ்சம் இறக்குங்கள். உங்கள் தொலைக்காட்சிப் பக்கத்தில் விமர்சனம் எழுதும்போது, இந்தத் தொடரைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் புரிகிறதா என்று ஒரு வரி சேர்த்தால் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

1987இல் ராமானந்த் சாகரின் 'ராமாயணம்' ஞாயிறு காலைகளில் வந்தபோது எனக்கு எட்டு வயது. இந்தி ஒரு சொல் புரியாது. அம்மாவுக்கும் இந்தி தெரியாது, கதை தெரியும். என்னை மடியில் உட்கார்த்தி, கைகேயி இப்போ வரம் கேட்கிறாள், தசரதன் மயங்கப்போகிறான் பார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வருவார். பாத்திரங்கள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே எனக்கு அர்த்தம் வந்துவிடும்.

இப்போது 'சுழல்' இரண்டாம் பாகம் தொடங்கியிருக்கிறோம். முதல் பாகத்தில் மயானக் கொள்ளைத் திருவிழா வந்தபோது, வேடங்களையும் நிறங்களையும் சொல்லி முடிப்பதற்குள் காட்சி கடந்து, அம்மா பாதியை விட்டுவிட்டார். அதனால் இந்தமுறை அவர் தூங்கியபிறகு ஒவ்வொரு பகுதியையும் நான் தனியாக ஒருதடவை பார்த்துவிடுகிறேன். எங்கே யார் பேசாமல் இருக்கிறார்கள், அந்த இடைவெளியில் நான் எதைச் சொல்லவேண்டும் என்று ஒரு நோட்டில் குறித்துவைக்கிறேன். மூன்று பகுதிக்குக் குறித்தாயிற்று.

இப்படிக்கு,
உங்கள் வாசகி