குருகைப் பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு,

உன் நான்கு வரிக் கடிதம் கிடைத்தது. நலம் என்று எழுதியிருக்கிறாய், நம்புகிறேன். வேலை அதிகம் என்றும் எழுதியிருக்கிறாய். அதையும் நம்பத்தான் வேண்டும். புதிதாகக் கதை ஏதும் எழுதினாயா என்று உன் அம்மா கேட்கச் சொன்னாள். நான் கேட்கவில்லை; அவள் கேட்டதைத் தெரிவிக்கிறேன், அவ்வளவுதான்.

நீ கடைசியாக அனுப்பிய கதைக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. அதில் ஒரு நகரம் வருகிறது, ஒரு மனிதன் வருகிறான், அவனுக்கு ஒரு துயரம் இருக்கிறது. எந்த நகரம், என்ன துயரம் என்பது கடைசி வரை தெரியவில்லை. உலகத்தில் எவர் படித்தாலும் தமதென்று எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் அப்படி எழுதியிருப்பாய். இரண்டு முறை படித்தேன். கண்ணை மூடினால் காண ஒன்றும் இல்லை.

இந்த வழியை உனக்குக் காட்டியவன் நான் என்பதை மறக்கவில்லை. ‘சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்’ என்ற தொல்காப்பிய விதியைச் சொல்லி, அகப்பாட்டில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் கிடையாது, அதனால்தான் அது எல்லாருக்கும் உரியதாகிறது, நீயும் வீட்டு விஷயங்களை விட்டுவிட்டுப் பொதுவாக எழுது என்று அன்று நீட்டி முழக்கினேன். விதி சரி, நான் அதிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு. பெயரை நீக்கச் சொன்ன மரபு வேறு எதையும் நீக்கச் சொல்லவில்லை. குறுந்தொகையில் கபிலரின் 25ஆம் பாட்டை மறுபடி எடுத்துப் பார். ‘யாரும் இல்லைத் தானே கள்வன்’ என்று தொடங்குகிறவளுக்குப் பெயரில்லை, ஊரில்லை. ஆனால் ஊரறியாத களவுக் காதலில் அவன் அவளை மணந்த அன்று அங்கே நின்ற குருகு என்ற நீர்ப்பறவைக்குத் தினைத்தாள் போன்ற சிறிய பசிய கால்கள் இருக்கின்றன. அது ஓடும் நீரில் ஆரல் மீன் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறது. இருந்த ஒரே சாட்சியும் இவள் பக்கம் திரும்பவில்லை. அவன் சொல் தவறினால் இவள் யாரைப் போய்க் கேட்பாள்? தினையையும் ஆரலையும் கண்டிராதவனுக்கும் அந்தப் பயம் விளங்கிவிடுகிறது என்றால், விளங்க வைப்பவை அந்தக் கால்கள்தாம். ‘அவள் ஆதரவற்று நின்றாள்’ என்று மட்டும் கபிலர் எழுதியிருந்தால் அது எவருக்கும் உரியதாகியிருக்காது. பெயரை வேண்டுமானால் எடுத்துவிடு அம்மா, குருகை எடுக்காதே.

ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 1886இல் எழுதிய வண்டிக்காரன் கதையும் அப்படித்தான். மகன் இறந்து ஒரு வாரம் ஆகப்போகிறது. வண்டியில் ஏறுகிறவர்களிடம் ஐயோனா அதைச் சொல்ல வாயெடுக்கிறான், காது கொடுப்பார் இல்லை. கடைசியில், வைக்கோல் மெல்லும் தன் குதிரையிடம், உனக்கு ஒரு குட்டி இருந்து அது போய்விட்டால் எப்படி இருக்கும் என்று ஆரம்பிக்கிறான். பனி விழுந்து நான் பார்த்ததில்லை, குதிரை வண்டி ஓட்டியதும் இல்லை. இருந்தும், இறந்தவனின் துணிகளை வாங்க மருத்துவமனைக்குப் போனதையும் சொல்லவேண்டும் என்று அவன் நினைக்கிற வரியைத் தாண்ட என்னால் முடிவதில்லை.

இதையெல்லாம் அன்றே நீ எனக்குச் சொல்லியிருக்கலாம். நான் பாடம் சொன்ன இத்தனை ஆண்டுகளில் உன்னைப் போல் கவிதை வாசித்தவர் ஒருவரும் இல்லை. அந்தக் குருகைக் காட்டியே என் வாயை அடைத்திருக்கலாம். நீயோ தலையை ஆட்டிவிட்டு, கதையை மடித்து எடுத்துக்கொண்டு போனாய். அப்படி ஒரு பணிவு உனக்கு எங்கிருந்து வந்தது?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கதையில் குறை இருந்ததால் நான் அப்படிப் பேசவில்லை. மருத்துவமனையில் கொடுத்த பையை வாங்கி வந்த ஒருவன், அழுகிறவர்களை விட்டுவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சட்டையில் அறுந்திருந்த பொத்தானைத் தைக்கிறான் என்று எழுதியிருந்தாய். கதவிடுக்கில் நீ நின்றது அதுவரை எனக்குத் தெரியாது. ஒன்பது வயதில் உன் அண்ணனைப் பற்றிக் கேட்டுக் கேட்டு நீ என்னிடம் வந்தபோதெல்லாம், அந்த வண்டியில் ஏறியவர்களைப் போலத்தான் நான் இருந்தேன். ‘நம் வீட்டு விஷயத்தில் அடுத்தவருக்கு என்ன இருக்கிறது’ என்று நான் கேட்டது இலக்கியக் கேள்வியே அல்ல, வெட்கம். அதற்குத் தொல்காப்பியரைத் துணைக்கு அழைத்துக்கொண்டேன்.

அந்தக் கதையை நீ கிழித்துப் போட்டிருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். சட்டை பெட்டியில்தான் இருக்கிறது. நேற்று எடுத்துப் பார்த்தேன். மேலிருந்து மூன்றாவது பொத்தான் என்று எழுதியிருந்தாய்; அது இரண்டாவது. நூலும் வெள்ளை அல்ல, அன்று கைக்குக் கிடைத்தது கறுப்பு நூல்தான். திருத்திக்கொள்.

அன்புடன்,
அப்பா